என் படத்தை இறக்கி வரப் பதுளைக்குப் போனது

மாசி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நானும் என் சித்தியும் மடுல்சீமையிலிருந்து பதுளைக்குப் போனோம். ஆஸ்பத்திரிக்கோ சாமான் வாங்கவோ போகவில்லை. ஒரு போட்டோக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் என் படம் தொங்குகிறது என்று கேள்விப்பட்டு, அதை இறக்கப் போனோம். எங்கள் பக்கத்துப் பெண்கள் யாருக்காவது இப்படி ஒரு வேலை வந்தால் வழி தெரிந்திருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். பிறகு கூடை மாட்டி மலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆட்களுக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுத வரும்.

படம் எடுத்தது போன புரட்டாசியில். பங்களாவையும் தேயிலை ஸ்டோரையும் படம் பிடிக்கத் தோட்டத்துத் துரை பதுளையிலிருந்து ஒரு போட்டோ முதலாளியை வரவழைத்திருந்தார். அந்த வேலை முடிந்ததும் அவர் மூன்றுகால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மலைக்கு வந்தார். கணக்கப்பிள்ளை என்னைக் கைகாட்டினார். இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்க்கச் சொன்னார்கள். தலைத்துணியை எடுக்கச் சொன்னார்கள். எங்களுக்குக் கூடைக்கயிறு தலையில் இருக்கும், கூடை முதுகில் தொங்கும். முதலாளியோ கூடையைத் தண்ணீர்க்குடம் போல இடுப்பில் வைக்கச் சொன்னார். ஒரே ஒரு கொழுந்தை இரண்டு விரலால் பிடித்து, தோளைத் திருப்பி, யாரோ கூப்பிட்டது போலப் பார்க்க வேண்டுமாம். அப்படிக் கொழுந்து எடுத்தால் பொழுது சாயும்வரை ஒரு றாத்தல் தேறாது. கங்காணி கூடையோடு சேர்த்து என்னை உருட்டிவிடுவார்.

"சிரி" என்றார் முதலாளி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சிரி பிள்ள, இல்லாட்டி இன்னைக்கு அரைப்பேர்தான்" என்றார் கணக்கப்பிள்ளை. அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். சிரித்தேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

தைப்பொங்கல் கழித்துத் தேயிலைப் பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றிப் போய்வந்த கரத்தைக்காரர் சங்கிலி அண்ணன்தான் முதலில் சொன்னார். பீலிக்கரையில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும்போது மாட்டை நிறுத்தி, "என்ன தங்கச்சி, பதுளையில ஒன்னத்தான் ஊரே பாக்குது. தோளு பளபளன்னு இருக்கு" என்றார். ஆண்கள் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு டவுனுக்குப் போனவர்களெல்லாம் பார்த்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு நான் காலையில் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் நின்றால் யாராவது ஒருவர் தோளைத் திருப்பி இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார். நாங்கள் போன ஞாயிற்றுக்கு முந்தின வாரம் சங்கிலி அண்ணன் இன்னொரு சேதியும் கொண்டுவந்தார். திங்கட்கிழமை ரயிலில் எத்தனை படம் வேண்டுமானாலும் அச்சடிக்க உதவும் அந்தப் படத்தின் கண்ணாடி பிளேட்டு கொழும்புக்குப் போகிறது. அங்கே தேயிலை டின்னில் ஒட்டும் சீட்டாக அடிக்கப்போகிறார்கள். "இனிமே ஒன்னய வெள்ளக்காரன் வீட்டு அடுப்படியிலயும் பாக்கலாம்" என்றார்.

ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருப்பதை இறக்கலாம். ஆயிரம் டின்னில் ஒட்டியதை எங்கே போய்க் கிழிப்பது? அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

அப்பா, "படந்தான? ஆளையா தூக்கிட்டுப் போறான்?" என்றார். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் சித்தி வாசலில் நின்றபடியே, "ஒங்க மூஞ்சிய எவனும் கேக்கல மச்சான், அதான் ஒங்களுக்குத் தெரியல" என்றார். பிறகு என்னிடம், "ஞாயித்துக்கெழம விடிய முந்தி கெளம்பிரு. கம்பளிய எடுத்துக்க" என்றார்.

ஸ்டோர் மணி நாலு அடித்தபோது லாந்தரோடு எங்கள் வரிசை வீட்டு லயத்தை விட்டுப் புறப்பட்டோம். எங்கள் தோட்டத்திலிருந்து பசறைக்குப் பதின்மூன்று மைல், பெரும்பாலும் இறக்கம். கரத்தை ரோட்டிலேயே போங்கள். குறுக்கு வழியில் ஒன்றரை மைல் மிச்சமாகும் என்பார்கள். ஆனால் பனியில் கல் வழுக்கும், அட்டையும் உண்டு. நாங்கள் குறுக்கில் இறங்கி, சித்தி ஒரு தரம், நான் இரண்டு தரம் விழுந்தோம். விடியும்போது எதிரே நமுனுகுல மலை முழுசாகத் தெரிந்தது. சித்தி வழியெல்லாம் கடைக்காரரிடம் என்ன பேசுவது என்று பேசிப் பார்த்துக்கொண்டே வந்தார். முதலாளி பேச வேண்டியதையும் அவரே பேசினார். ஒவ்வொரு தரமும் முதலாளிதான் தோற்றார்.

பசறைத் தபால் கந்தோர்க் கடிகாரத்தில் ஒன்பதாகப் பத்து நிமிடம் இருந்தது. தேத்தண்ணீரும் ரொட்டியும் இரண்டு பேருக்கும் பன்னிரண்டு சதம். பதுளை பஸ் ஒன்பதரைக்கு. தூரம் பதினொன்றரை மைல், ஆளுக்கு முப்பத்தைந்து சதம். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் பலகையில் உட்கார்ந்தால் குலுக்கல் குறைவு. டிக்கெட் கொடுத்தவர் சித்தியின் நல்ல சேலையைப் பார்த்து, "என்னங்கம்மா, கல்யாணமா?" என்று கேட்டார்.

"இல்லப்பா, கருமாதி."

"யாருக்குங்க?"

"இன்னும் சாகல. போய்ப் பாத்துட்டுதான்."

பத்தரைக்குப் பதுளைக் கடைவீதியில் இறங்கினோம். போட்டோக் கடை ரயிலடிக்குப் போகும் ரோட்டில் இருந்தது. எந்தக் கடை என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இரண்டு பேர் நின்று சுருட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் புகுந்து பார்த்தேன்.

பெட்டியில் பதினோரு படங்கள். ஆண்களின் படங்கள் ஏழு. கோட்டுப் போட்டு, நாற்காலியில் கை வைத்து, நம்மை நேராகப் பார்த்தார்கள். ஒவ்வொருவர் காலடியிலும் பெயர் எழுதியிருந்தது. மீதி நாலும் பெண்கள். ஒருத்திகூட நேராகப் பார்க்கவில்லை. ஒருத்திக்கும் பெயர் இல்லை. நடுவில் பெரிதாக, வர்ணம் பூசி, என் படம். உதடு மிளகாய்ச் சிவப்பு. நிறம் சந்தனம். என் சாயம் போன சேலை பட்டாகியிருந்தது. தோளிலும் கையிலும் சட்டை இல்லை. நான் அன்றைக்கு மலைக்குப் போட்டுப் போனது அம்மா தைத்த முழங்கை நீளச் சட்டை. அது இருந்த இடமெல்லாம் வெறும் தோள்.

சுருட்டுக்காரரில் ஒருவர் அந்தத் தோளின் மேல் கண்ணாடியை விரலால் தட்டி ஏதோ சொன்னார். மற்றவர் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, மறைக்குது" என்றார்.

நான் தள்ளி நின்றேன். இப்போது நினைத்தாலும் அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது, படம் இல்லை. அங்கேயே முடிவு செய்தேன், அது இறங்காமல் நான் பஸ் ஏறுவதில்லை என்று.

உள்ளே பெஞ்சில் ஓர் அம்மாளும் அவர் மகளும் காத்திருந்தார்கள். கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் வீட்டார். மகளுக்கு என் வயது இருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் எடுக்க வந்திருந்தார்கள். தலை நிறையப் பூ, நகை. எங்களைப் பார்த்ததும் அந்த அம்மாள் சேலை முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன வேணும்?" என்றார் முதலாளி.

"வெளிய தொங்குற படங்க" என்றார் சித்தி.

"எத்தன வேணும்?"

"ஒண்ணும் வேணாங்க. அத எறக்கணும். இவ படம் அது. கேக்காம மாட்டியிருக்கீங்க."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு போய்ப் பெட்டியைத் திறந்து படத்தை எடுத்துவந்து மேசையில் போட்டார். கோபமாகக்கூட இல்லை. சிரித்தபடி, "இந்தா, நல்லாப் பாரு. இவளுக்கு மூக்குத்தி எடது பக்கம். ஒனக்கு வலது பக்கம். இவ கைத்தழும்பு வலது கையில. ஒனக்கு எடது கையில. முந்தானைய வலது தோள்ல போட்டிருக்கா. இது இந்தியாவுல எடுத்த படம். தோட்டத்துல எல்லாரும் ஒரே மாதிரிதான் இருக்கீங்க, ஒங்களுக்கே அடையாளம் தெரியல" என்றார்.

அந்த அம்மாள் வாயைப் பொத்திச் சிரித்தார். பதின்மூன்று மைல் பேசிப் பார்த்த சித்திக்கு இந்தப் பேச்சு மட்டும் வழியில் வரவில்லை. அவரே ஒரு தரம் திரும்பி என் மூக்கைப் பார்த்தார்.

அந்தத் தழும்பு எனக்குத் தெரியும். உயரம் குறைக்கக் கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் வாதுக் குச்சி குத்தி வந்தது, ஏணி போல மூன்று கோடு. ஒரு தழும்பு கை மாறுமா? என்ன செய்வதென்று தெரியாமல் நான் சுவரைப் பார்த்தேன். சுவரில், படம் எடுக்க வருபவர்கள் தலைவாரிக்கொள்ள ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டியிருந்தது. அதற்குள் நான் நின்றேன். மூக்குத்தி இடது பக்கம் இருந்தது.

மேசையிலிருந்து படத்தை எடுத்தேன். படத்தின் முகம் கண்ணாடியைப் பார்க்கும்படி என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, கண்ணாடிக்குள் பார்த்தேன். கண்ணாடிக்குள் இருந்த படத்தில் முந்தானை இடது தோளுக்கு வந்தது. மூக்குத்தி வலது பக்கம். தழும்பு இடது கை. படத்தை நீட்டிய என் இடது கையில் அதே மூன்று கோடு.

"அம்மா, இவங்கதான்" என்றாள் அந்தப் பெண். நான் அவள் குரலை அப்போதுதான் கேட்டேன்.

முதலாளி படத்தைப் பிடுங்க வந்தார். நான் கொடுக்கவில்லை. கட்டைவிரலை நாக்கில் வைத்து ஈரமாக்கி, படத்தின் தோளில் வைத்துத் தேய்த்தேன். சந்தன நிறம் சேறு போல விரலோடு வந்தது. அடியில் என் சட்டைக் கை தெரிந்தது. இன்னும் தேய்த்தேன். அம்மா ஒட்டுப்போட்ட தையல்கூடத் தெரிந்தது.

"ஏய், கைய எடு!"

சத்தம் கேட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் தூரிகையோடு வெளியே வந்தார். முதலாளியின் மனைவி. படங்களுக்கு வர்ணம் பூசுவது அவர்தான். என் விரலையும் படத்தையும் பார்த்தார். "நாலு தரம் பூசுனேன். ஒவ்வொரு தரமும் இன்னுங் கொஞ்சம் எறக்கு, இன்னுங் கொஞ்சம் எறக்குன்னாரு" என்றார். எங்களிடம் சொன்னாரா கணவரிடம் சொன்னாரா தெரியவில்லை. பக்கத்துப் படத்துப் பெண்ணும் நானும் ஒருத்தியை ஒருத்தி பார்ப்பது போல இருக்கட்டும் என்று பிளேட்டைத் திருப்பிப் போட்டு அச்சடித்ததையும் அவர்தான் சொன்னார்.

"நானா கேக்குறேன்?" என்றார் முதலாளி. "கொழும்புல கேக்குறாங்க. சாக்குக் கட்டி, கம்பளி போத்தி, மூக்கு ஒழுகிட்டு நிக்கிற பொம்பள படத்த எவன் காசு குடுத்து வாங்குவான்? இவள அழகாத்தான காட்டியிருக்கேன்?"

"அவ சட்டைய அவுக்குறதுதான் அழகா?" என்றார் சித்தி. குரல் திரும்பிவிட்டது. "அப்ப ஒங்க கோட்ட அவுத்துட்டு நீங்க போயி அந்தப் பொட்டியில நில்லுங்க. நாங்க நாலு பேரு வெளிய நின்னு பாக்குறோம்."

துணிக்கடைப் பெண் எழுந்து வந்து என் கையிலிருந்த படத்தின் அடியில் இருந்த இங்கிலீஷ் எழுத்தைப் படித்தாள். மலைநாட்டு அழகி என்று அர்த்தமாம். "இவங்க பேரு போடலியே" என்றாள். பிறகு, "என் படத்தையும் இப்பிடி வெளிய மாட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

"சேச்சே, நீங்க கௌரவமான வீடு."

"இவங்களும் சட்ட போட்டுக்கிட்டுத்தானே நின்னாங்க?"

அவளுடைய அம்மாள் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எங்களுக்காக எழுந்தார் என்று நான் சொல்லமாட்டேன். தன் மகளின் தோள் அந்தப் பெட்டிக்குள் தொங்குவது அவருக்குக் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். "அந்தப் படத்த அவங்ககிட்டக் குடுத்துருங்க. இல்லாட்டி எங்க தெருவுல ஒரு பொம்பளப்பிள்ள இந்தக் கடைப்படி ஏறாது. கல்யாண மாசம் பங்குனி கழிச்சு வருது, நெனவு வச்சுக்குங்க" என்றார்.

முதலாளி போய்க் கண்ணாடிப் பெட்டியைச் சாத்திவிட்டு வந்தார். "எடுத்துட்டுப் போங்க" என்றார்.

சித்தி என் கையைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை. "கண்ணாடி" என்றேன். அந்தக் கடைக்குள் நான் பேசிய முதல் வார்த்தை அது. யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கொஞ்சம் பலமாக, "கண்ணாடி பிளேட்டு. நாளைக்கு ரயில்ல போறது. அதுவும் வேணும்" என்றேன்.

"பிளேட்டு என்ன சும்மாவா வருது?"

"இவ மூஞ்சி மட்டும் சும்மா வந்துச்சா?" என்றார் சித்தி.

பிளேட்டை உள்ளேயிருந்து எடுத்து வந்தது முதலாளியின் மனைவி. காகிதத்தில் சுற்றி, மேலே விலாசம்கூட எழுதியாகிவிட்டது. கணவரைப் பார்க்காமலே அதைப் பிரித்தார். அதில் என் முகம் கறுப்பும் பல் வெளுப்புமாக இல்லை. முகம் வெளுப்பு, பல் கறுப்பு. கொதிக்கிற தண்ணீரில் சோடா உப்புப் போட்டு அதற்குள் வைத்தார். பாலாடை போல நான் கண்ணாடியை விட்டுக் கழன்று, சுருண்டு, தண்ணீரில் கரைந்தேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. சுத்தமான வெறும் கண்ணாடியைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "அட்டையில ஒட்டுன படம் இன்னும் மூணு வித்துப்போச்சு. அதுக்கு நான் ஒண்ணுஞ் செய்ய முடியாது" என்றும் சொன்னார். அந்த மூன்றும் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது முதலாளி, சண்டை வெளியே போகாமல் இருக்க நினைத்தோ என்னவோ, வேண்டுமானால் எனக்கு ஒரு படம் இலவசமாக எடுத்துத் தருவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். "எனக்கு எடுங்க" என்றார் சித்தி. நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்ததற்கு அப்போதுதான் காரணம் தெரிந்தது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் என்ன நினைத்தாரோ, கம்பளியை என்னிடமிருந்து வாங்கித் தலையோடு போர்த்திக்கொண்டு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, சண்டைக்கு நிற்பது போல நேராகப் பார்த்தார். "கொஞ்சம் அப்பிடித் திரும்பி..." என்று தொடங்கிய முதலாளி அப்படியே விட்டுவிட்டார்.

அவர் மனைவி எனக்காக மூன்றுகால் பெட்டியின் கறுப்புத் துணியைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். மங்கிய கண்ணாடியில் சித்தி தலைகீழாக உட்கார்ந்திருந்தார். கால் மேலே, தலை கீழே. படம் பிடிக்கிறவர்களுக்கு நாம் முதலில் இப்படித்தான் தெரிகிறோம். நேராக்குவதும் திருப்பிப் போடுவதும் பிறகு அவர்கள் கையில்தான் இருக்கிறது.

மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம். இரவு பசறையில் சொந்தக்காரர் லயத்தில் தங்கிவிட்டு, காலையில் ஐந்தரை மணி நேரம் ஏறி வந்தோம். அன்று இரண்டு பேருக்கும் பேர் விழவில்லை, ஒரு நாள் சம்பளம் போனது. வர்ணப் படம் அடுப்புக்குப் போனது. உதடு இருந்த இடம் கொஞ்ச நேரம் பச்சையாக எரிந்தது.

போகிற பெண்களுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தனியாகப் போகாதீர்கள், வாய் உள்ள ஒருவரைக் கூட்டிப்போங்கள். ஞாயிறு காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் போனால் கடையில் வேறு பெண்களும் இருப்பார்கள், அது பெரிய பலம். படம் எடுப்பதற்கு முன்பே, இது எங்கே மாட்டப்படும், யாருக்குப் போகும் என்று கேளுங்கள். சிரிக்கச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரியுங்கள். படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பிளேட்டு அவர்களிடம் இருந்தால் ஒன்றுக்கு நூறு போடுவார்கள். பேச வராதவர்கள் ஒரே ஒரு வார்த்தையை வழியிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். ஒன்று போதும். பசறைக்குக் குறுக்கு வழி வேண்டவே வேண்டாம்.

எங்கள் காம்பராவின் பின்சுவரில் புகை போவதற்கு ஓர் ஓட்டை உண்டு. மழைக்காலத்தில் சாக்கை அடைத்து வைப்போம். அடைத்தால் உள்ளே இருட்டு. பதுளையிலிருந்து கொண்டுவந்த அந்தக் கண்ணாடி அதற்குப் பக்கத்தில் ஒரு கல்லை எடுத்தால் சரியாக உட்காரும் அளவு. அப்பாதான் களிமண் வைத்துப் பொருத்தினார். இப்போது அடுப்படியில் பகல் வெளிச்சம் இருக்கிறது.

நேற்று சங்கிலி அண்ணன் கரத்தையை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் வந்தார். "என்ன தங்கச்சி, பதுளைக்கே போயிப் படத்தக் கொண்டாந்துட்டியாமே? எங்க, காட்டு பாப்போம்" என்றார்.

நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். "அந்தா, சொவத்துல இருக்கு" என்றேன்.

அவர் குனிந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து, கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தார். நான் முறத்தை மடியில் வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில், அது வெறும் கண்ணாடி, உள்ளேயிருந்து பார்ப்பது நான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, மாட்டை அதட்டியபடி போய்விட்டார்.